பாசியைக் கொல்லாதீர்கள்... பட்டினி போடுங்கள்!

வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் புலம்பல் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். ‘போன ஞாயித்துக்கிழமைதான் தேய்ச்சுக் கழுவினேன். அதுக்குள்ள மறுபடியும் பச்சை!’

உடனே என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடிப்போய், பாசியைக் கொல்லும் மருந்து வாங்கி வந்து ஊற்றுகிறோம். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குகிற கதைதான் இது. பாசி நோயல்ல, அறிகுறி.

பாசி வளர இரண்டு வேண்டும். ஒன்று வெளிச்சம், இன்னொன்று உரம். ‘நாங்க எங்க சார் உரம் போட்டோம்?’ என்கிறீர்களா? தினமும் போடுகிறீர்கள்! மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் அழுகி அம்மோனியா ஆகின்றன. தொட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலுக்குப் போடும் தழைச்சத்து உரமும் இந்த வகைதான். ஜன்னல் வெயிலும் சேர்ந்துவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம்.

பாசி மருந்துகள் சிலவற்றில் தாமிர உப்பு இருக்கிறது. மயில்துத்தம் என்றால் உங்களுக்குத் தெரியும். எங்கள் சித்த மருத்துவத்தில் இதைத் துருசு என்போம். சுத்தி செய்யாமல், அளவு பார்க்காமல் அதைத் தொடவே மாட்டோம். அதைப் போய்க் குத்துமதிப்பாக ஊற்றலாமா? நத்தையும் இறாலும் முதலில் சாகும். அளவு கூடினால் மீனும் போகும். மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காலையில் குழந்தை எழுந்து வந்து பார்க்கும் காட்சியா அது?

‘அப்ப வேப்பிலை, மஞ்சள் போடலாமே, நம்ம நாட்டு மருந்துதானே?’ என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கூடாது! நமக்கு மருந்தாவது மீனுக்கும் மருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. வேப்பஞ்சாறு மீனுக்கு ஆகாது. இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

பிறகு என்னதான் வழி? பத்தியம்தான்!

தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். இரண்டு, மூன்று நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனி. வீட்டில் ஆளுக்கொரு முறை போடுகிற பழக்கத்தை நிறுத்தி, அந்தப் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை வைத்தால் பாசிக்குப் போகும் சத்தை அவை பங்கு போட்டுக்கொள்ளும். புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் பாசி, சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். பயப்பட வேண்டாம்.

‘டேங்க் க்ளீனர்’ மீன் வாங்கலாமா? தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது, சின்ன வயதில் பாசி தின்னும். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். கழிவும் அதிகம், அதாவது பாசிக்கு இன்னும் உரம்! தாங்க முடியாமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே பெருகி நம் நாட்டு மீன்களுக்கு எமனாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வைத்தியனாக இன்னும் ஒரு எச்சரிக்கை. விரலில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமி ஒன்று மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடும். காயம் வழியே புகுந்து, கையில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். அப்படி வந்தால் பச்சிலை அரைத்துப் போட்டு நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். ‘வீட்ல மீன் வளர்க்கிறோம்’ என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தண்ணீரை இறக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள்.

கடைசியாக ஒன்று. பாசி அறவே இல்லாத தொட்டிதான் நல்ல தொட்டி என்று நினைக்காதீர்கள். பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிய பச்சை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நத்தைக்குத் தீனி, தண்ணீரில் உள்ள நைட்ரேட்டுக்கும் ஒரு வடிகால். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, மீன்கள் நீந்துவதைக் குழந்தைகளோடு உட்கார்ந்து ரசியுங்கள். தொட்டி வாங்கியது அதற்குத்தானே!