சும்மா இருக்க விடுங்கள்

“சும்மா இரு!” நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பிள்ளைகள் அதிகம் கேட்கும் ஏச்சு இதுவாகத்தான் இருக்கும். என் தங்கை இதைக் கேட்காத நாளில்லை. பாதியில் நின்ற கணக்கு, பஸ்ஸில் விட்டுவந்த தண்ணீர்ப் போத்தல், மூன்றாம் தடவையும் தொலைந்த அடிமட்டம், ஓயாமல் ஆடும் கால். ‘சோம்பேறி’, ‘கனவுலகத்துக்காரி’ என்ற பட்டங்கள் அவளுக்குத் தாராளமாய்க் கிடைத்தன. வைத்தியர் சொன்ன பெயர் வேறு: ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு.

மேசை மீது ஏறி நிற்கும் பையனை எல்லோரும் காண்கிறார்கள். பெண் பிள்ளைகளிடமோ இக்குறைபாடு பெரும்பாலும் மனம் அலைவதாகவே வெளிப்படுகிறது. அதனால் பலர் கண்டறியப்படாமலே ஏச்சுக் கேட்டு வளர்கிறார்கள். தம்மில்தான் பிழை என்று நம்பியும் விடுகிறார்கள்.

இத்தகையவர்களுக்குத் தியானம் உதவுமா? ஓரிடத்தில் இருக்க முடியாதவளை இருக்கச் சொல்வது கொடுமையல்லவா என்றே நானும் நினைத்தேன். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லிடியா ஸைலோவ்ஸ்கா என்ற மனநல வைத்தியரின் குழு, வளர்ந்தோர் 24 பேரையும் இளையோர் 8 பேரையும் சேர்த்து 8 வாரப் பயிற்சியொன்றை நடத்தி, 2008இல் அதன் முடிவை வெளியிட்டது. ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் மட்டுமே அமர்ந்தார்கள். நடந்துகொண்டே பயிலவும் இடமிருந்தது. பயிற்சியை முடித்த பலர் தம் அறிகுறிகள் குறைந்ததாகக் கூறினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். எனினும் அது ஒரு வழியைக் காட்டியது.

பயிற்சி மிக எளிது. மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடும். ஓடியதை அறிந்ததும் ஏசாமல் அதைத் திரும்ப அழைக்க வேண்டும். மனம் ஓடாமல் இருப்பதல்ல, ஓடிய மனம் திரும்பி வருவதே பயிற்சி.

இப்போது பாடசாலை விட்டு வந்ததும், டியூசனுக்கு முன் ஐந்து நிமிடம் தங்கை பாயில் கண்மூடிக் கிடக்கிறாள். “படிக்கிற நேரத்தில படுக்கையா?” என்று முதலில் கோபித்த உம்மாதான் இன்று அந்த அறை வாசலுக்குக் காவல். அடிமட்டம் இன்னும் தொலையத்தான் செய்கிறது. ஆனால், பாதியில் விட்ட கணக்கிடம் அவளே திரும்பிப் போகிறாள்.

ஒன்றை மறக்கக் கூடாது. தியானம் வைத்தியத்துக்கு மாற்று அல்ல, துணை மட்டுமே. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. பாடசாலை, டியூசன், வீட்டுவேலை என நிரம்பிய நாளில் ஓய்வைச் சோம்பல் என்று எண்ணுவதும் பிழையே.

ஆசிரியைகளே, தாய்மாரே, இரண்டு பாடங்களுக்கிடையே, இரண்டு வேலைகளுக்கிடையே ஐந்து நிமிட அமைதியைக் கொடுத்துப் பாருங்கள். அது தண்டனையாக இருக்க வேண்டாம். ‘சும்மா இரு’ என்று அதட்டியது போதும். கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுங்கள்.