கூட்டமா, கண்காணிப்பா?

திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தீர்கள் என்று ஆய்வாளர்களை வாரந்தோறும் விசாரிப்பதை நம் துறைகள் 'ஆய்வுக்குழுக் கூட்டம்' என்றழைக்கின்றன. இதன் விளைவு கொடிது: தரவு பொய்த்த வாரத்தைச் சொல்ல அஞ்சும் மாணவர், செய்யாததைச் செய்ததாகச் சொல்லக் கற்கிறார்.

1998இல் கேரளத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களைக் காண்க. மூணாறு, சித்தூர்ப் பகுதித் தமிழ்ப் பெண்களும் அவற்றில் உண்டு. 10 முதல் 20 பெண்கள் வாரந்தோறும் உறுப்பினர் வீடுகளில் முறைவைத்துக் கூடுகிறார்கள். சேமிப்பு எண்ணப்படுகிறது, கடன் எல்லார் முன்னிலையிலும் முடிவாகிறது, குறிப்பேட்டில் ஏறுகிறது. தவணை வந்ததா என்பதே அங்குக் கேள்வி. ஆட்டுக்கு எத்தனை மணிக்குத் தீவனம் வைத்தாய் என்பதன்று.

ஆய்வுக்குழுவிலும் இடர் எது, அடுத்த வாரம் எது முடியும், யார் உதவுவார் என்ற மூன்றும் பதிவாகட்டும்; தலைமை சுழலட்டும். எஞ்சியது ஆய்வாளரின் பொறுப்பு. மாணவரை நம்பாத நெறியாளருக்கு ஏழு நாளும் கூட்டம் நடத்தினாலும் போதாது.