கேட்பது இரப்பதன்று

"இத்தனை வருஷமாக் கேட்டு என்னத்தைக் கண்டவை? குடுக்கிறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம்தானே?"

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் பற்றி வெளிநாட்டு நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் இவ்வாறு கூறினார். நல்ல மனிதர், இனப்பற்றும் உள்ளவர். அதனாலேயே அவருக்குப் பதில் எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் ஒப்புதல். அந்த எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தவர்களுள் என் போன்ற பத்திரிகைக்காரரும் அடங்குவர். "கண்ணீர் மல்க மன்றாடினர்", "கதறி அழுதனர்" என்றே ஆண்டுக்கணக்காகத் தலைப்பிட்டோம். அந்தப் பெண்கள் மன்றாடவில்லை, கணக்குக் கேட்டார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலம் தாண்டி வந்தவர்களுள் பலர், கணவனையும் பிள்ளையையும் தம் கண்முன்னே இராணுவத்திடம் கையளித்தவர்கள். அடகு வைத்த நகையைத் திருப்பிக் கேட்பவனை நாம் பிச்சைக்காரன் என்போமா? கையளித்த பிள்ளையைக் கேட்பவளை மட்டும் ஏன் இரப்பவளாக எழுதினோம்?

வள்ளுவர் இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை வைத்தார். பொருளை இரப்பதற்குக் கூசும் அந்த மானவுணர்வை நாம் உரிமை கேட்பதற்கும் ஏற்றிவிட்டோம். அதிகாரத்தில் இருப்பவனுக்கு இதைவிட வசதியான கூச்சம் வேறில்லை.

கேட்டு என்ன பயன் என்கிறார் நண்பர். பயனைப் பார்ப்போம்.

2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறத் தயாரானபோது, மக்கள் அலுவலக வாயிலில் திரண்டு, போகவேண்டாம் என்று கேட்டார்கள். பணியாளர்கள் போய்விட்டார்கள். எனினும், இறுதிப் போரில் தன் அமைப்பு கடமையில் தவறியதை 2012 நவம்பரில் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அன்று வாயிலில் எவரும் நின்றிராவிட்டால், "எங்களை இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே" என்று கைகழுவியிருக்கலாம்.

2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள், பிள்ளைகளோடு விமானப்படை முகாமின் முன் வீதியில் அமர்ந்தார்கள். அவர்கள் மாற்றுக்காணி கேட்கவில்லை. தங்கள் காணியையே கேட்டார்கள். மார்ச் பிறந்தபோது அவர்கள் தம் வளவுக்குள் கால்வைத்தார்கள். கொழும்பில் ஆண்டுக்கணக்காகக் கைமாறிய மனுக்களால் ஆகாத காரியம் அது.

அதே பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மாரின் தொடர் போராட்டம் தொடங்கியது. வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்துகொண்டன. அவர்கள் பிறவியிலேயே துணிந்தவர்கள் அல்லர். ஆரம்பத்தில் தனித்தனியாக முகாம் முகாமாக அலைந்து, ஆணைக்குழுக்களின் முன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள். வரிசையில் பக்கத்தில் நின்றவளின் கையிலும் ஒரு புகைப்படம் இருப்பதைக் கண்ட இடத்திலேதான் துணிவு பிறந்தது. ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரலில் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மாரும் முதல் நாளில் பதினான்கு பேர்தாம். அந்நாட்டுப் பாட்டிமார் விடாமல் தேடியதால் 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு உரிமையில்லை. கேட்டுக்கேட்டே கண்மூடிய தாய் தந்தையர் பலர். ஆயினும் "எங்களிடம் எவரும் இல்லை" என்றிருந்த அரசின் பதில், 2020 ஜனவரியில் "அவர்கள் இறந்துவிட்டார்கள்" என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் வாயிலிருந்தே வந்தது. அப்படியானால் எங்கே, எப்போது, யாருடைய கையில் இறந்தார்கள்? முதற்கேள்வியை விடாமல் கேட்டதனாலேயே இந்த இரண்டாம் கேள்விக்கு இடம் பிறந்தது.

2022 மார்ச்சில் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. நண்பர் வாங்கச் சொல்வது இதைத்தான். வறுமையால் வாங்குபவரை நான் குறைசொல்லேன். ஆனால், கேட்டது பணமன்று. மகன் எங்கே என்ற கேள்விக்கு எந்த நாட்டிலும் தொகை விடையாகாது.

நண்பரே, அந்தத் தாய்மாருக்குப் புத்தி சொல்லுமுன் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இவர்களைப் பற்றி ஒரு கடிதமாவது எழுதினீர்களா? படை முகாமும் புலனாய்வாளரும் இல்லாத ஊரில் உங்களுக்கு என்ன அச்சம்? வீதியோரக் கொட்டகையில் முதுமையோடு அமர்ந்திருப்பவளுக்கு உள்ள துணிவில் ஒரு பங்கு நமக்கும் வரட்டும். அதுவரையில், கேட்டு என்ன பயன் என்று அவளிடம் கேட்காதிருப்போம்.