வெளிச்சம் கூடினால் பார்வை கூடாது

வண்டி செய்யும் சீமை இது. ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட். போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா. வண்டிகளுக்கு விளக்கு செய்யும் ஃபீம் நிறுவனத்துக்கும் ஓசூர்ப் பக்கம் ஆலை உண்டு. இப்படிப்பட்ட ஊரிலும், கார் வாங்கியவர் அடுத்த வாரமே ஆக்சசரீஸ் கடைக்குப் போய், கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. மாட்டிக்கொள்கிறார். பம்பரில் இரண்டு ஃபாக் லைட்டும் ஏறுகிறது. “நைட்ல ரோடு பகல் மாதிரி தெரியும் சார்” என்கிறார் கடைக்காரர். வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற இந்த நம்பிக்கை தவறு. போட்டவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து.

ஹெட்லைட்டின் வேலை வெளிச்சத்தைப் பங்கிட்டுத் தருவது. ஹாலோஜன் விளக்குக்கான ஐ.நா. வாகன விதியில் நெடுங்காலம் இருந்த கணக்கைப் பாருங்கள். 25 மீட்டர் தள்ளி ஒரு திரை. டிம்மில், நம் பக்கத்துச் சாலை தொலைவில் தெரிய வேண்டிய புள்ளியில் குறைந்தது 12 லக்ஸ் விழ வேண்டும். எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கும் புள்ளியில் 0.4 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. ஒரே விளக்கு, ஒரே திரை, 30 மடங்கு வித்தியாசம்!

இது எப்படி நடக்கிறது? நம் ஊரில் பரவலாக உள்ள எச்4 பல்பில் இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் சின்னத் தகட்டுக் கிண்ணம் ஒன்று இருந்து, பிரதிபலித்து மேலே போகக்கூடிய ஒளியை மறிக்கிறது. பின்னாலுள்ள பிரதிபலிப்பானின் வளைவு அந்த இழை நிற்கும் இடத்தை வைத்தே வார்க்கப்பட்டது. அங்கே வேறு வடிவ எல்.ஈ.டி.யைச் செருகினால் கணக்கு கலைந்துவிடும். மடையை உடைத்துவிட்டு, தண்ணீர் நிறைய வருகிறது என்று மகிழ்வது போன்றது இது. 100/90 வாட் ஹாலோஜன் போடுவோர் கதை வேறு. 60/55 வாட்டுக்கு ஏற்ற ஒயரில் ஒன்றரை மடங்குக்கும் மேலான மின்சாரம் ஓடி, ஹோல்டர் உருகலாம்.

“எனக்கு நல்லாத் தெரியுதே?” என்பார்கள். தெரிவது வண்டி மூக்குக்கு முன்னால் உள்ள தரை. அங்கே ஒளி அதிகமானால் கண்பாவை சுருங்கி, தூரத்தில் நிற்கும் மாடு இருட்டில் மறைகிறது. தைரியம் மட்டும் கூடுகிறது, கூடவே வேகமும்.

ஃபாக் லைட் கதையும் இதுதான். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் பனிமூட்டம் உண்மைதான். ஆனால் மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது கட்டுக்கதை. மூடுபனியின் நீர்த்துளி ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியது. எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஹெட்லைட் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்த பிரான்ஸ்கூட 1993-இல் அந்த விதியைக் கைவிட்டது. ஃபாக் லைட் உதவுவது அது தாழ்வாக இருப்பதாலும், ஒளி தட்டையாக, அகலமாக விழுவதாலும். கூரையில் லைட் பார் மாட்டினால் வெண்திரைதான் கண்முன் எழும்.

நான்குவழிச் சாலையில் நடுத்தடுப்பாவது கொஞ்சம் மறைக்கும். நாகரசம்பட்டி போன்ற ஊர்களின் சாலைகளில் அதுவும் இல்லை. எதிரே வருவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் சந்தை முடிந்து திரும்பும் பெரியவர், மாங்காய் லோடு ஏற்றிய டிராக்டர், ஷிப்டு முடிந்து பைக்கில் வரும் பிள்ளைகள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் கூசினால், 50 மீட்டர் குருட்டுப் பயணம். “அவன் டிம் பண்ணல, நானும் அடிச்சேன்” என்பவர் ஒரு குருட்டு ஓட்டுநரை இரண்டாக்குகிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்வது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது. முன்பக்க ஸ்பாட் லைட்டுக்கு விதி 111-இல் பொதுவாகத் தடை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம்; அங்கே 2024 ஜூலையில் கண்கூசும் எல்.ஈ.டி. விளக்குகளுக்கு எதிராக மாநிலம் முழுக்கப் போலீஸ் வழக்குப் போட்டது. ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கமும் அந்தக் கண்டிப்பு வர வேண்டும். வாங்கியவரோடு, விற்று மாட்டிக் கொடுத்தவரையும் கேட்க வேண்டும்.

கம்பெனி விளக்கு மங்கலாக இருக்கிறது என்ற குறை பல வண்டிகளில் நியாயமானதே. அதற்கு மருந்து வேறு. மஞ்சளடித்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போடுங்கள். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். அதே வாட்டில் நல்ல பல்பு மாற்றுங்கள். சமதரையில் சுவரைப் பார்த்து நிறுத்தி, டிம்மின் மேல்விளிம்பு பத்து மீட்டரில் பத்து சென்டிமீட்டராவது இறங்குகிறதா பாருங்கள். டிக்கியில் பாரம் ஏற்றினால் முன்பக்கம் தூக்கும். விளக்கைத் தாழ்த்தும் திருகு இருந்தால் திருப்புங்கள். இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லையா? வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்தவர் கண்ணை மறைத்து நமக்குப் பாதை தேடுவது பாதுகாப்பு ஆகாது. மாட்டிய எல்.ஈ.டி.யைக் கழற்றிவிட்டுப் பழைய பல்பையே போடுங்கள்.