நம்ம பேட்டை: ஏரிமேல் எழுந்த தி.நகர்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடக்கவே வேண்டாம். சும்மா நின்றால் போதும், கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். பை நிறையத் துணியும் பாத்திரமும் வாங்கித் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தி.நகர் எழுந்தது ஓர் ஏரியின் மேல் என்று?

நுங்கம்பாக்கம் தொட்டு சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதன் மாம்பலம் பகுதியை வடித்து மனை பிரித்தார்கள். நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், தோட்டத்தோடு வீடுகள். கடை வீதியாக அல்ல, குடியிருக்கத்தான் இந்த ஊரைப் போட்டார்கள்.

அன்று ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதைத் தொடங்கிய மூவரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்: தியாகராயர் ஊர்ப் பெயரில், டாக்டர் நாயர் சாலையில், நடேசனார் பூங்காவில். அன்றைய முதல் மந்திரி பனகல் ராஜா, நடுப்பூங்காவின் பெயரில். பலகையில் ‘சௌந்தரபாண்டியனார் அங்காடி’ என்றிருப்பதுதான் நம் வாயில் பாண்டி பஜார்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். தெற்கு போக் சாலையில் சிவாஜி வீடு. ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். வாங்கிய வீடு இன்று நினைவில்லம். கண்ணதாசன் வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கடைகள் பெருகப் பெருக, திண்ணையும் தோட்டமும் ஒவ்வொன்றாய் மறைந்து மாடிகள் எழும்பின.

ஏரியை மூடிய கணக்கு மட்டும் தீரவில்லை. தி.நகரில் பல காலம் வாழ்ந்த அசோகமித்திரன், குடிநீருக்குத் தவிக்கும் சென்னைத் தெருவைத்தான் ‘தண்ணீர்’ நாவலாக எழுதினார். ஏரி இருந்த ஊர்க்காரர்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். 2021 நவம்பரிலோ அதே தெருக்களில் முழங்கால் அளவு வெள்ளம். கோடையில் வறட்சி, மழையில் வெள்ளம். தண்ணீர் தங்க இடமில்லாவிட்டால் இரண்டும் வரும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் மொட்டைமாடிக் குழாய் இறங்கும் குழி ஒன்று இருக்கும். ஐப்பசி பிறக்குமுன் அதன் மூடியைத் திறந்து பாருங்கள். மண் அடைத்திருந்தால் தூர் வாருங்கள். போன ஏரி திரும்பாது. ஆனால் வீட்டுக்கு ஒரு குழி வேலை செய்தால், அதுவும் ஓர் ஏரிதான்.