உறக்கத்துக்குப் பாடு இல்லை

பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறோம். இதற்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் இறால் விழும் நல்ல இடங்களை இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துப் பல தலைமுறைகளாகப் பங்கிட்டு வந்திருக்கிறார்கள். சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் ஏரி சிரிக்கும். வந்த சண்டை எல்லாவற்றையும் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்தோம் என்று சொல்லலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பாடு என்றால் எங்களுக்கு முறை. மீன்பாடு என்றால் வலையில் விழுந்தது. 'பட்ட பாடு' என்று ஊர் முழுக்கச் சொல்கிற மூன்றாவது பாடும் ஒன்று உண்டு. முதல் இரண்டையும் அணா பைசா சுத்தமாகப் பங்கு வைத்த நாங்கள், மூன்றாவதை யார் தலையில் வைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தி ராத்திரி ஒரு மணிக்குப் பாத்திரம் தேய்ப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்ப்பார். சத்தம் கேட்டுப் புரண்டு படுக்கும் சித்தப்பா, "பேய் உலாத்துற நேரத்துல இன்னாம்மே வேலை?" என்று அதட்டுவார். சித்தி சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: "கண்ணு அசர மாட்டேங்குது, நான் இன்னா பண்ண?" பிள்ளைகள் நாங்கள் அவருக்கு ஆந்தை என்று பெயர் வைத்தோம். நாற்பது வருடம் கழித்து நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தப் பதில் ஒரு கேள்வியாக இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய ஒரு நாளை நாங்கள் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் போதும். இறால் பகலில் மண்ணுக்குள் பதுங்கி ராத்திரியில் நடமாடும் ஜீவன். அதனால் எங்கள் வேலையும் ராத்திரியில்தான். ஆண்கள் இருட்டில் வலைக்குப் போவார்கள். அவர்கள் வரும் நேரத்துக்கு முன்னால் பெண்கள் எழுந்திருக்க வேண்டும். வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் எடுப்பது, இறாலை ரகம் பிரிப்பது, ஐஸ் போடுவது, விடிவதற்குள் ஏலத்துக்குக் கொண்டுபோவது, மிச்சத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவது, திரும்பி வந்து உலை வைப்பது. வலைக்குப் போன ஆண் காலை பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால், "அப்பா தூங்குறார், சத்தம் போடாதே" என்று தெருவே அடங்கும். அது சரிதான், அவர் தூங்க வேண்டியவர்தான். அவர் மனைவிக்காக எந்தத் தெருவும் என்றைக்கும் அடங்கியதில்லை.

வேலை அதிகம், தூங்க நேரமில்லை, அவ்வளவுதானே என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தப்பு என்று காட்டிக்கொடுத்தது ராக்கெட்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். 2024 டிசம்பர் 30 அன்று இரவு 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள், அப்புறம் எல்லாரும் படுத்துவிட்டார்கள். படகு போகவில்லை, மீன் வராது, விடியற்காலையில் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி சுமாருக்கு நான் வெளியே வந்து பார்க்கிறேன், தெருவில் ஆறேழு வீட்டில் விளக்கு எரிகிறது. ஆறேழிலும் பெண்கள். ஒருத்தி சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆண்களின் குறட்டை எல்லா வீட்டிலும் ஒரே சீராகக் கேட்டது.

தூங்க நேரமில்லாமல் இருப்பது ஒன்று. நேரம் கிடைத்தும் தூக்கம் பிடிக்காமல் இருப்பது வேறு. இரண்டாவதுதான் நோய். வாரத்துக்கு மூன்று ராத்திரியாவது இப்படி, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். எங்கள் தெருவில் அதை மாதக் கணக்கில் சொல்ல முடியாது, வருடக் கணக்கில் சொல்ல வேண்டும்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது சூரிய வெளிச்சம். எங்கள் தொழிலுக்குச் சாவி கொடுப்பதோ நிலா. நீர் ஏறுவதும் வற்றுவதும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், வலை வேலையும் கூடவே தள்ளிப் போகும். சூரியன் தள்ளிப் போகாது. இன்றைக்கு நடுராத்திரி எழுந்த உடம்பு ஒரு வாரம் கழித்து வேறொரு நேரத்துக்கு எழ வேண்டும். அர்ஜென்டினாவின் தோபா மக்களை வைத்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு, பௌர்ணமிக்கு முந்தைய ராத்திரிகளில் அவர்கள் பிந்திப் படுத்துக் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று சொன்னது. மின்விளக்கு நிறைந்த அமெரிக்க நகரத்து மாணவர்களிடமும் அதே போக்கு தெரிந்ததாம். அமாவாசை, பௌர்ணமி பார்த்துப் பிழைக்கும் எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. செய்தி தெரிந்தும் ஒன்றும் செய்யாததுதான் எங்கள் கதை.

கவலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்துவாரம் மணல் மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். 2004 சுனாமியைப் பார்த்தவர்களுக்கு அலைச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கம் கெடக் காரணமா இல்லை?

ஆனால் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் சொன்ன ஒரு விஷயம் என்னைச் சுட்டது. தூக்கமின்மையைத் தொடங்கி வைக்கும் காரணம் வேறு, அதைத் தொடர வைக்கும் காரணம் வேறு என்கிறார். தொடங்கி வைத்தது விலகிய பிறகும், தொடர வைப்பது இருக்கும்வரை நோய் போகாது. எங்கள் ஊரில் தொடங்கி வைத்தது கடல், கடன், முகத்துவாரம் எதுவாகவும் இருக்கட்டும். தொடர வைத்தது நாங்கள்.

காற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முன்பெல்லாம் கீற்று வீடு. சுனாமிக்குப் பிறகு கான்கிரீட் வீடு வந்தது. புயலுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தக் கூரை ராத்திரி முழுக்கத் துப்பும். தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்சூடு ஒரு டிகிரி போல இறங்க வேண்டும். அந்த அறைக்குள் அது எங்கே இறங்கும்? நாங்கள் என்ன செய்தோம்? பாயைச் சுருட்டிக்கொண்டு மணலுக்குப் போனோம். படகு ஓரம், கோயில் திண்ணை, வலைக் கொட்டகை, எல்லாம் எங்களுடையது. பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தார்கள். கடற்காற்றுக்கு யாரும் சீட்டுக் குலுக்கவில்லை, கேட்காமலே ஆண்கள் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது ஒலிபெருக்கி. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்கு அரசு அனுமதி கொடுத்தாலும் வருடத்தில் 15 நாள் வரை, அதுவும் நடுராத்திரியோடு சரி. ஆடி மாதம் எங்கள் குழாய் ஸ்பீக்கருக்கு இந்த விதி தெரியாது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டியவள் ஒருத்தி வந்து "கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா" என்று கேட்டபோது, சாமி குத்தம் ஆகிவிடும் என்று திருப்பி அனுப்பிய கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். பக்கத்துத் துறைமுகத்தின் இரைச்சலைக் கண்டித்து நாங்கள் மனு எழுதுவோம். எங்கள் ஸ்பீக்கருக்கு எந்த மனுவும் கிடையாது.

மருந்து விஷயத்தில் இன்னும் வெட்கப்பட வேண்டும். சளி மாத்திரை போட்டால் கண் சொக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை வாங்கிக் கொடுத்தோம். அது பிடிக்காமல் போனதும் 'தூங்குற மாத்திரை'. அல்பிரசோலம், டயஸிபாம் மாதிரி மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, சீட்டோடு விற்றாலும் 2014 முதல் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீட்டுக் கேட்காத கடை எது என்று தேடிப் போய் வாங்கினோம். கொஞ்ச நாளில் அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும், வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் தடுமாறி விழுவார்கள், திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. ஆண்கள் எங்களுக்கு மாத்திரையே வேண்டாம், குவார்ட்டர் இருந்தது. அது சீக்கிரம் தூங்க வைத்துப் பாதி ராத்திரியில் எழுப்பிவிடும். எழுந்தவன் பக்கத்தில் படுத்திருப்பவளையும் எழுப்பிவிடுவான்.

எங்களுக்குப் பாடு உண்டு, பஞ்சாயத்து உண்டு. பாடு உரிமையே இல்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் ராத்திரி எப்படித் தூங்குகிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சித்தி கதைக்குத் திரும்புகிறேன். 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சைதான் என்று வழிகாட்டியது. சில வாரங்களில் முடிகிற சிகிச்சை. அதன் பாகங்கள் எளிமையானவை. படுத்தது எப்போதாக இருந்தாலும் எழுவது ஒரே நேரத்தில். தூக்கம் பிடிக்காத மணிநேரங்களைக் கழித்துவிட்டுப் பாயில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவது (படகு ஓட்டுபவர்கள் இதை மருத்துவர் துணையில்லாமல் செய்யக் கூடாது, பகலில் கண் சொருகும்). சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம், அதில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இன்னொன்று, ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-இல் சொன்னது: படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் அங்கேயே புரளாதே, எழுந்து வேறு அறைக்குப் போ, தூக்கம் வந்தால் மட்டும் திரும்பு. பாய் என்றால் விழிப்பு என்று மனசு படித்துவிட்ட பாடத்தை அழிப்பதற்கான வழி இது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. யாரும் சொல்லித் தராமலே சித்தி எழுந்து வந்திருக்கிறார். எழுந்தது சரி. பாத்திரம் தேய்த்தது மட்டும்தான் தப்பு, அது உடம்பை இன்னும் விழிக்க வைக்கும். சும்மா உட்கார வேண்டும். எங்கே உட்காருவது? ஒரே அறை வீட்டில் வேறு அறை ஏது? வாசல்தான் வேறு அறை. வாசலில் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து, "ராத்திரியில வாசல்ல இன்னா வேலை?" என்று கேட்டது யார்? சித்தப்பா மட்டும் இல்லை, வலைக்குப் போகும் ஒவ்வொரு ஆளும் அந்த வழியே போகும்போது கேட்டோம். சும்மா உட்கார்ந்தால் பேச்சு வரும், வேலை செய்தால் வராது என்று அவர் பாத்திரத்தை எடுத்திருக்கிறார். தேய்த்த பாத்திரத்தைத் திரும்பத் தேய்த்ததற்குக் காரணம் பேய் இல்லை, நாங்கள்.

2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலுக்கு வருகிறது. பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை என்று குறை சொல்ல வாய் வருகிறது. நாங்கள் சொன்னோமா? 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. காசு கிடையாது, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் பேசலாம். ஊர் நோட்டீஸ் பலகையில் ஐஸ் விலை எழுதியிருக்கிறோம், அந்த எண்ணை எழுதவில்லை.

அடுத்த முறை பாட்டுக்குச் சீட்டுக் குலுக்கக் கூடும்போது மூன்று விஷயத்தை எழுந்து கேட்கப் போகிறேன். பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்துவது. கோடை மாதங்களில் மணலில் ஒரு பக்கத்தைப் பெண்கள் படுக்க விட்டுவிடுவது, அந்தப் பக்கம் ஆண் யாரும் பாய் போடாமல் இருப்பது. படகு வராத நாளில் வீட்டு வேலையை ஆண்கள் எடுத்துக்கொண்டு, பெண்களை அவர்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் தூங்க விடுவது. சிரிப்பார்கள். இறாலுக்கு முறை வைப்போம் என்று முதலில் சொன்னவனைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள்.

அதுவரை ஒரு சின்ன வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரி வலைக்குப் போகும்போது ஏதாவது வாசலில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தால், ஏன் என்று கேட்காதீர்கள். டார்ச்சைக் கீழே இறக்கிக்கொண்டு நடந்து போங்கள்.