முதல் தடவை ஊருக்கு வரும் பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

1) வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை முதல் முறையா ஊருக்குக் கூட்டி வரப் போகும் அப்பா அம்மாக்களுக்காக இந்த இழை. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

2) போன வருஷம் ஜூலை. வானூர் பக்கம் இருக்கும் என் கிளினிக்குக்கு ஆறு வயசுப் பொண்ணைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. அப்பாவுக்கு மரக்காணம் பக்கத்தில் ஒரு கிராமம், வேலை கனடாவில். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

3) முந்தின நாள் ராத்திரியிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போயிருந்தது, நாக்கு வறண்டிருந்தது. "கடைசியா எப்போ ஒன்னுக்குப் போனா?"ன்னு கேட்டேன். அம்மாவும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. காலையிலிருந்து போகவே இல்லை.

4) உடனே டிரிப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைச்சிட்டா. ஆனா கூட வந்த பாட்டி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கு: "பெத்தவன் பொறந்த மண்ணு, புள்ளைக்கு ஒத்துக்காமப் போகுமா சாமி?"

5) போகும் பாட்டி. அந்தக் குழந்தைக்கு இது முதல் வெப்பமண்டல நாடு. ஒரு ஜெர்மன்காரக் குழந்தை இங்கே வந்தால் உடம்பு என்ன பாடுபடுமோ, அதே பாடுதான் இவளுக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கும் தமிழ்ப் பேரு குடலுக்குத் தெரியாது.

6) அவங்க பயணத் திட்டத்தைக் கேட்டேன். சென்னையில் இறங்கி திருப்பதி, தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், ஊட்டி, அப்புறம் சொந்த ஊர். 11 நாளில் 7 இடம். தினம் ஒரு ஹோட்டல் சாப்பாடு, தினம் வேன். கனடாவில் தடுப்பூசி ஏதும் போட்டீங்களான்னு கேட்டால், "நம்ம ஊருக்குத்தானே டாக்டர் வர்றோம்?"

7) இந்த "நம்ம ஊர்தானே"தான் ஆபத்து. சுற்றுலாவுக்கு வரும் வெள்ளைக்காரர் ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கிட்டு வருவார். சொந்தக்காரங்களைப் பார்க்க வர்றவங்க பெரும்பாலும் அதைச் செய்றதில்லை. அதனால டைஃபாய்டு, மலேரியா மாதிரி நோய்கள் இவங்களைத்தான் அதிகமா பிடிக்குது. பயண மருத்துவம் படிக்கிறவங்களுக்கு இது பாடப்புத்தக விஷயம்.

8) "நாங்க எல்லாம் இந்தத் தண்ணியைக் குடிச்சு வளரலையா?"ன்னு கேட்பீங்க. வளர்ந்தோம், சரி. 1981-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 110 பேர் ஒரு வயசு ஆகுறதுக்குள்ளேயே இறந்தாங்க. வளர்ந்தவங்க மட்டும்தான் இன்னைக்கு உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

9) சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த அப்பா டிஸ்சார்ஜ் ஆனதும் கேட்டார்: "அப்போ முதல் தடவை எங்கேதான் கூட்டிட்டுப் போறது?" என் கருத்து: முதல்ல மாசத்தைத் தேர்ந்தெடுங்க, அப்புறம் ஒரே ஒரு ஊரை. சுற்றிப் பார்க்கும் பட்டியலை அடுத்த தடவைக்கு வைங்க.

10) மாசம்: எங்க பக்கம் பொங்கலை ஒட்டிய நாட்கள்தான் சிறந்தது. ஜூலையில் பகல் வெப்பம் 35 டிகிரியைச் சுற்றி இருக்கும், கூடவே கடற்கரைப் புழுக்கம். வேர்வை வடியும், ஆனா காயாது. காயாட்டி உடம்பு குளிராது. புது உடம்பு இந்த வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் வேணும்.

11) நவம்பர், டிசம்பர் தொடக்கம் வேண்டாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை விட்டதும் கொசு, கூடவே டெங்கு. சின்ன வகுப்புப் பிள்ளைன்னா ஜனவரியில் பத்து நாள் ஸ்கூலுக்கு லீவு சொல்றதில் தப்பில்லைன்னு நான் நினைக்கிறேன்.

12) ஊர்: தாத்தா பாட்டி வீடே போதும். ஒரே அடுப்படி, ஒரே கொதிக்க வைத்த தண்ணி, ஒரே படுக்கை. எங்க ஊருக்கு இன்னொரு வசதி, ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கு. எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் "ராத்திரி 2 மணிக்குக் குழந்தைக்கு முடியலைன்னா எங்கே போவோம்?"ன்னு முதல்ல கேளுங்க. பதில் இல்லாத ஊர் முதல் பயணத்துக்கு வேண்டாம்.

13) "இங்கே பார்க்க என்ன இருக்கு?" நிறைய இருக்கு. திருவக்கரையில் சுமார் 2 கோடி வருஷப் பழைய கல்மரங்கள் கிடக்கு. மரம் கல்லாகிப் போனதைத் தொட்டுப் பார்க்கும் குழந்தை ஊட்டியைக் கேட்காது. குளிர்காலத்தில் கழுவேலிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரும். மரக்காணம் உப்பளத்தை ஒரு நாள் விடியலில் காட்டுங்க.

14) உப்பளத்து வேலையாளைப் பாருங்க. வெயில் ஏறுவதற்குள் முடிந்த அளவு வேலையை முடிச்சிடணும்னு இருட்டிலேயே பாத்தியில் இறங்குவாங்க. குழந்தையின் நாளையும் அப்படித்தான் அமைக்கணும். 10 மணிக்குள் சுற்றல், பகலில் நிழலும் தூக்கமும், 4 மணிக்கு மேல் திரும்ப வெளியே.

15) கிளம்புறதுக்கு 4 முதல் 6 வாரம் முன்னாடி அங்கேயே டாக்டரைப் பாருங்க. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசி, மலேரியா மாத்திரை தேவையா என்று கேளுங்க. வெறிநாய்க்கடி ஊசியையும் கேட்டு வைங்க. தெருநாயே பார்க்காத பிள்ளை, குட்டியைக் கண்டால் கட்டிப்பிடிக்கத்தான் போகும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணியில் கழுவி, அன்னைக்கே ஊசி.

16) பெட்டியில் இபுப்ரோஃபென் சிரப் எடுத்து வருவீங்க. இங்கே காய்ச்சல் வந்தால் அதைக் கொடுக்காதீங்க. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு இருந்தால் நிம்மதியாகாதீங்க, ஓடி வாங்க. டெங்குவில் அதுதான் ஆபத்தான நேரம்.

17) ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுசா ஒரு லிட்டர் தண்ணியில் கரைக்கணும். டம்ளருக்குக் கொஞ்சம்னு கண்ணளவில் போடக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக் கொடுங்க.

18) திரும்பிப் போன பிறகு காய்ச்சல் வந்தால், அங்கே டாக்டரிடம் முதல் வாக்கியமே "இந்தியா போய் வந்தோம்"னு இருக்கட்டும்.

19) இவ்வளவும் பயமுறுத்த இல்லை. வராதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு இல்லை. பேரப்பிள்ளைக்காகத் திண்ணையில் காத்திருக்கும் கிழவிகளைத் தினமும் கிளினிக்கில் பார்க்கிறவன் நான். அந்தப் பொண்ணு டிரிப் ஏறும்போது அழுதுகிட்டே இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். "புள்ள என்னப்பா சொல்லுது?"ன்னு பாட்டி கேட்டாங்க. அப்பா பதில் சொல்லலை. "இனிமே இங்கே வரவே மாட்டேன்"னு சொன்னாள்.

20) போன வாரம் அந்த அப்பா போன் பண்ணினார். வர்ற பொங்கலுக்கு இரண்டு வாரம், ஊர் மட்டும்தான். ஊசி போட்டாச்சாம். பொண்ணு ஒரே ஒரு நிபந்தனை வச்சிருக்காளாம், டாக்டர் அங்கிள் வீட்டுப் பக்கமே வரமாட்டாளாம். தாராளமா.

வெளிநாட்டில் இருக்கும் உங்க சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்புங்க. டிக்கெட் போட்ட பிறகு இல்லை, போடுறதுக்கு முன்னாடி.